மாப்பிள்ளை இல்லாத குழு: மலையகத்தில் பேச்சிலர் பார்ட்டிக்கு எந்த இடம்?

மாப்பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். மொத்தம் ஒன்பது பேர். அன்று இரவு பத்தரை மணிக்குள் ஏழு இடங்கள் வந்து விழுந்தன. நுவரெலியாவில் பங்களா எடுப்போம் என்றான் ஒருவன். எல்லவுக்கு ரயிலில் போவோம் என்றான் இன்னொருவன். ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸில் கூடாரம், சிவனொளிபாதமலை என்று ஆளுக்கொன்று. எங்கள் கூட்டத்தில் ஜிம்முக்குப் போகிறவன் ஒருவன் இருக்கிறான். அவன் மட்டும் கித்துல்கலையில் படகு, கித்துல்கலையில் படகு என்று மூன்று தடவை எழுதிவிட்டு, நான்காவது தடவை வீடியோவே போட்டான். கட்டாரில் வேலை செய்கிற நண்பன், எப்படியும் வரப்போவதில்லை, கொழும்பில் ஏதோ ஒரு கிளப்பின் படத்தை அனுப்பிவைத்தான்.

மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். எழுபதுக்கு மேல் செய்திகள். ஒன்றில்கூட "அவனுக்கு இது பிடிக்குமா?" என்ற கேள்வி இல்லை.

நான்தான் மாப்பிள்ளைத் தோழன். தாலி கட்டும்போது பக்கத்தில் நின்றால் போதும் என்று நினைத்திருந்தேன். இந்த வேலையும் சேர்ந்தே வரும் என்று யாரும் சொல்லவில்லை. சரி, தலையில் விழுந்தாயிற்று. ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, எங்கள் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் மாப்பிள்ளை வேறு மாதிரி ஆளாக இருந்தால் விடையும் வேறாக வரும்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவன். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை நின்றபடி ஆணியும் பூட்டும் நிறுத்துக் கொடுப்பான். தீபாவளி, பொங்கல், கோயில் திருவிழா என்று வருஷத்தில் மூன்று தடவை ஊருக்கு வருவான். குடிக்க மாட்டான், அதற்கு அவன் வீட்டில் ஒரு காரணம் உண்டு, அதை இங்கே விரிக்க வேண்டாம். நீச்சல் தெரியாது. பேச்சு மிகக் குறைவு. ஆனால் விக்கெட்டுக்குப் பின்னால் கீப்பராக உட்கார வைத்தால் வாய் மூடாது. பந்து போடுகிறவனுக்கு யோசனை, அடிக்கிறவனுக்குக் கிண்டல், எல்லைக்கோட்டில் நிற்கிறவனுக்குத் திட்டு என்று இருபது ஓவரும் ஓடிக்கொண்டே இருக்கும்.

கலியாணம் ஆவணியில். ஆக, பார்ட்டி ஆடியில்தான் வைக்க முடியும். நலுங்கு வைத்த பிறகு மாப்பிள்ளையை வெளியூருக்கு அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டார், அதை எதிர்த்துப் பேசுவதிலும் பிரயோசனமில்லை. போயா என்கிற பௌர்ணமி நாளில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். எங்கள் மாப்பிள்ளைக்கு அது பிரச்சினை இல்லை, மற்றவர்களுக்குப் பிரச்சினை. முந்தின நாளே வாங்கிப் பதுக்கி வைப்போம் என்று தொடங்கினால் பார்ட்டியின் பேச்சே அதைச் சுற்றித்தான் போகும். போயா இல்லாத சனி, ஞாயிறு, கலியாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் என்று திகதியை முதலில் பூட்டினேன். இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பங்களா: ஏற்கனவே பட்ட அனுபவம்

நுவரெலியா பங்களா யோசனைக்கு ஐந்து பேர் கைதூக்கினார்கள். எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. இரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு நண்பனுக்காக அப்படி ஒன்று செய்தோம். பெயர் வேண்டாம், கிரகரி வாவியிலிருந்து கொஞ்சம் மேலே இருந்த பழைய வீடு. படத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. நேரில் போனால் விறகுக்குத் தனிக் காசு. சுடுதண்ணீர் மூன்று பேர் குளித்ததும் நின்றுவிட்டது. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர், நான்காவது ஆள் என்ன பாடுபட்டிருப்பான் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அதெல்லாம் பெரிய விஷயமில்லை. அன்றைய மாப்பிள்ளை ஒன்பதரைக்கே தூங்கிப்போனான். கலியாண வேலையாக ஒரு வாரம் அலைந்த களைப்பு. நாங்கள் அவன் தலைமாட்டில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு இரண்டு மணிவரை ஆடினோம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார், பொலிஸைக் கூப்பிடுவேன் என்றார். அவர் சொன்னதில் தப்பேயில்லை. காலையில் ஒரு கண்ணாடிக் கதவு உடைந்திருந்தது. யார் உடைத்தது என்று இன்றுவரை தெரியாது. காசை மாப்பிள்ளைதான் கொடுத்தான்.

பங்களாவைக் குறை சொல்லவில்லை. பேசிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருக்கப் பிடிக்கிற மாப்பிள்ளை, சீட்டு விளையாடுகிற கூட்டம், பிரிந்து பல வருஷமான பள்ளிக்கூட நண்பர்கள் என்றால் இதைவிட நல்லது இல்லை. ஏப்ரல் வசந்த காலத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வாடகை ஏறிவிடும், வண்டி நிறுத்த இடம் இருக்காது. முன்பணம் கொடுக்கும் முன் சுடுதண்ணீர், விறகு, எத்தனை போர்வை, உடைந்தால் எவ்வளவு என்ற நான்கையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் மாப்பிள்ளைக்கு இது ஒத்துவராது. குடிக்காதவனை நடுவில் வைத்துக்கொண்டு எட்டுப் பேர் குடித்தால், அவன் இரவு முழுக்கச் சோடா ஊற்றிக் கொடுப்பான். அவன் குணம் அப்படி.

கித்துல்கல: எனக்கே ஆசையாகத்தான் இருந்தது

உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தது இதுதான். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினால் ஒன்றரை மணி நேரம். இறங்க இறங்கக் குளிர் கழன்று, ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். களனி கங்கையில் ரப்பர் படகு, தலைக்கவசம், உயிர்காப்பு அங்கி, பாறைகளுக்கு நடுவில் நுரைத்துப் பாய்கிற தண்ணீர். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்துதான் களனி ஆகின்றன. அதாவது எங்கள் ஊரில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் என்று அசையாமல் படுத்திருக்கிற அதே தண்ணீர்தான் மின்நிலையங்களைத் தாண்டி அங்கே துள்ளுகிறது. நோர்வூட் பையன் ஒருவனை அந்தத் தண்ணீரில் படகு விடவைப்பது எனக்கு அழகான யோசனையாகத் தெரிந்தது.

ஆனால் நடைமுறை வேறு. தண்ணீரில் இருப்பது ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை. ஒரு படகில் ஆறேழு பேர்தான் ஏறலாம் என்பதால் எங்கள் கூட்டம் இரண்டாகப் பிரியும். படகில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கப் பாதிப் பேருக்குக் கிடைக்காது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் நல்ல நடத்துநர்கள் படகை இறக்க மாட்டார்கள், இறக்கவும் கூடாது. ஆடியில் அந்தப் பக்கம் மழைக்குக் குறைவிருக்காது. குடித்துவிட்டு ஏறுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அதை அனுமதிக்கிற இடமாக இருந்தால் அங்கிருந்து எழும்பி வந்துவிடுங்கள்.

நீச்சல் தெரியாதவர்களும் அங்கி போட்டுக்கொண்டு போகத்தான் செய்கிறார்கள். மலையகத்தில் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது, கடலைப் பார்ப்பதே பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான். பயத்தை வென்று கரையேறினால் அது ஒரு மகிழ்ச்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயப்படுகிறவன் தானாக வந்து ஏற வேண்டும். எட்டு நண்பர்கள் கரையில் நின்று "என்னடா மச்சான், பயமா?" என்று கேட்கும்போது ஏறுகிறவன் மகிழ்ச்சிக்காக ஏறவில்லை. நான் இதைக் குழுவில் எழுதியதும் ஜிம் நண்பன் ஒரு கோழிக்குஞ்சுப் படம் போட்டான்.

மலை ஏறுவதா?

சிவனொளிபாதமலை எங்களுக்கு எட்டிப் பார்த்தால் தெரிகிற மலை. 2,243 மீற்றர், நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் படி. இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கி, வழியில் பிளேன்டீ குடித்து, உச்சியில் நடுங்கிக்கொண்டே சூரியன் வருவதைப் பார்த்து, எத்தனையாவது தடவை வருகிறோமோ அத்தனை தடவை மணி அடித்துவிட்டு இறங்குவது. பேச்சிலர் பார்ட்டி என்ற சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சிலர் சிரிப்பார்கள். ஆனால் குடிக்காத, கொஞ்சம் பக்தியுள்ள, அதிகம் பேசாத மாப்பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. இருட்டில் ஏறும்போது பக்கத்தில் நடக்கிறவனிடம் சொல்கிற விஷயத்தை மேசையில் உட்கார்ந்து யாரும் சொல்வதில்லை. செலவும் வேன் வாடகையும் சாப்பாடும்தான்.

எங்களுக்கு இதில் காலம்தான் உதைத்தது. யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிந்துவிடும். ஆடியில் படிகளில் விளக்கு இருக்காது, கடைகள் இருக்காது, காற்று ஆளைத் தள்ளும், அட்டைகள் காத்துக்கொண்டிருக்கும். தை, மாசி, பங்குனிக் கலியாணம் என்றால் தாராளமாக யோசியுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். என் சித்தப்பா மகன் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய்விட்டு வந்தான். மணவறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவனுக்கு எழும்ப முடியவில்லை. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார், நானும் தாய்மாமனும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. குறைந்தது பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

ஹோட்டன் சமவெளி இதன் சுலபமான தம்பி. சுமார் ஒன்பது கிலோமீற்றர் சுற்று, பெரும்பாலும் சமதரை, நடுவில் உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்பு, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி, அதிர்ஷ்டம் இருந்தால் மரைக்கூட்டம். நுவரெலியாவில் தங்கியிருந்தால் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் உலக முடிவில் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். தேசியப் பூங்கா என்பதால் மது, சிகரெட் உள்ளே ஆகாது, வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். முதல் நாள் இரவு பார்ட்டி, மறுநாள் காலை ஹோட்டன் சமவெளி என்று இரண்டையும் ஒன்றாகத் திட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து மணிக்கு எழும்புகிறவன் மாப்பிள்ளை மட்டும்தான்.

எங்கள் ஆளுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. வாரம் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவனைக் கூப்பிட்டு நடக்கச் சொல்கிறோம்.

எல்ல, நக்கிள்ஸ், கொழும்பு

எல்லவைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆடியில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும். மலைகள் மழையை இந்தப் பக்கமே தடுத்துவிடுகின்றன. நானுஓயாவைத் தாண்டி, நாட்டிலேயே உயரமான பட்டிப்பொல ஸ்டேஷனையும் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் வேறு நாட்டுக்கு வந்த மாதிரி வெயில் அடிக்கும். மழைக்குப் பயந்தால் எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை என்று போவதுதான் புத்தி. ஒன்பது வளைவுப் பாலம், சின்னச் சிவனொளிபாதம் எல்லாம் அரை நாளில் பார்த்துவிடலாம்.

ஆனால் ரயில் ஆசனங்கள் முப்பது நாளுக்கு முன் திறந்த உடனேயே போய்விடும், ஒன்பது பேருக்கு ஒன்றாகக் கிடைப்பது லொத்தர். ஆசனமில்லாமல் ஏறினால் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிற வெளிநாட்டவர்களுக்கு இடையில் நிற்க வேண்டும். நிற்கிற விஷயத்தை ஏற்கனவே சொன்னேன். அப்புறம், எல்ல வெளிநாட்டுப் பயணிகளுக்காக விலை போட்ட ஊர். ஒரு ரொட்டிக்குக் கேட்கிற விலையைச் சொன்னால் எங்கள் தோட்டத்தில் ஆயா ஒருவர் மயங்கி விழுவார். வெளியூர்க் கலகலப்பு பிடித்த, புதிய ஆட்களோடு உடனே பேசிப் பழகுகிற மாப்பிள்ளைக்கு நல்ல இடம்.

நக்கிள்ஸில் கூடாரம் போட அனுமதி வாங்க வேண்டும், வழிகாட்டி வேண்டும், ஈரமான உடுப்போடு தூங்கப் பழகியிருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு அந்தப் பைத்தியம் இருந்தால் போங்கள். கொழும்பு கிளப்பைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கொழும்பிலிருந்து தப்பித்து வருகிறவனைக் கொழும்புக்கே அனுப்புவதா?

கேட்டுப் பார்த்தேன்

இவ்வளவு கணக்கும் போட்டு முடித்த பிறகுதான் சின்ன விஷயம் ஒன்று உறைத்தது. அவனையே கேட்கலாமே. பார்ட்டி என்று சொல்லவில்லை. ஒரு இரவு கடை பூட்டிவிட்டு அவன் போன் எடுத்தபோது, பேச்சோடு பேச்சாக, "ரெண்டு நாள் லீவு சும்மா கிடைச்சா என்னடா செய்வே?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னான்: "தூங்குவேன். அப்புறம் பீலியில போய்க் குளிப்பேன். அப்புறம் நம்ம கிரவுண்ட் எப்படி இருக்குன்னு பார்ப்பேன் மச்சான்." பீலி என்றால் மலைத்தண்ணீர் மேலிருந்து கொட்டுகிற குளிக்கும் இடம்.

அவ்வளவுதான். ஏழு இடங்களும் அடிபட்டுப் போயின.

மலையகத்தில் பிறந்தவனுக்கு மலைக்காட்சி ஒரு விருந்தில்லை என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நுவரெலியாவும் எல்லவும் கொழும்பில் பிறந்தவனுக்குத்தான் அதிசயம். இவனுக்கு எட்டாமல் போனது ஊர்தான். ஆக, எட்டாவதாக ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை காலை தோட்டத்துக் கிரவுண்டில் டென்னிஸ் பந்து மேட்ச், நாங்கள் ஒரு பக்கம், இப்போது விளையாடுகிற பையன்கள் மறுபக்கம். மத்தியானம் பீலிக் குளியல், நாங்களே சமைத்த சாப்பாடு. இரவு காசல்ரீ நீர்த்தேக்க ஓரத்தில் சின்ன விடுதி ஒன்றில் மூன்று அறை. ஞாயிறு எப்போது எழும்புகிறானோ அப்போது காலைச் சாப்பாடு.

குழுவில் இதைப் போட்டதும் முதலில் அமைதி, பிறகு எதிர்ப்பு. "இதுக்கு எதுக்கு பார்ட்டின்னு பேரு?" என்று ஒருவன். ஆதரவு கிடைத்தது எதிர்பாராத இடத்திலிருந்து. தோட்டத்திலேயே வேலை செய்கிற நண்பன், அதுவரை ஒரு வார்த்தையும் எழுதாதவன், "இதுன்னா நானும் வரலாம்" என்று போட்டான். அப்போதுதான் எனக்கு அவன் கணக்குத் தெரிந்தது. வெளியூர் என்றால் வெள்ளி பின்னேரம் கிளம்ப வேண்டும், சனிக்கிழமைப் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, முழுதாகப் போகும், அதன் மேல் பங்குக் காசு. உள்ளூர் என்றால் காலையில் வேலைக்குப் போய் அரைப்பேர் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பங்களாவுக்கு ஆளுக்குப் பதினைந்தாயிரம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் திட்டத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு போதும் என்று கணக்கு வந்தது. காசைப் பற்றிக் குழுவில் வாய் திறக்காதவன்தான் காசுக்குக் கஷ்டப்படுகிறவன். இடத்தை ஒப்பிடும் முன் அவனிடம் தனியாகப் பேசிவிடுங்கள்.

நிஜ மச்சான்

எல்லா ஒப்பீட்டையும்விட அதிக நேரம் எடுத்தது இதுதான்: பெண்ணின் அண்ணனைக் கூப்பிடுவதா, விடுவதா? மச்சான் என்று சும்மா கூப்பிடுகிற எட்டுப் பேருக்கு நடுவில் நிஜ மச்சான் ஒருவர் வந்து உட்கார்ந்தால் மாப்பிள்ளை முதுகை நிமிர்த்திக்கொள்வான். பழைய கதை எதையும் எடுக்க முடியாது. கூப்பிடாமல் விட்டாலோ, அடுத்த ஐம்பது வருஷத்துக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் அது ஒரு குறையாக வரும். பங்களாவோ எல்லவோ என்றால் அவரைக் கூப்பிட்டால் இரண்டு நாளும் கூடவே இருப்பார், நடுவழி கிடையாது. உள்ளூர் மேட்ச்சுக்கு அந்த வசதி உண்டு. மேட்ச்சுக்கும் சாப்பாட்டுக்கும் முறையாகப் போய் அழைத்தோம். பின்னேரம் அவரே புரிந்துகொண்டு, "சரி தம்பிமார், நீங்க இருங்க" என்று கிளம்பிவிட்டார். நல்ல மனிதர். நாற்பது ஓட்டமும் எடுத்தார்.

குடியைப் பற்றியும் ஒரு ஒழுங்கு வைத்தோம். மாப்பிள்ளை தூங்கப் போகும்வரை போத்தல் வெளியே வராது. வேனுக்கு டிரைவர் தனி ஆள், அவர் குடிக்காதவர் என்று விசாரித்து எடுத்தது. நோர்வூட் ரோட்டு வளைவுகளில் இரவில் நண்பன் ஒருவனை நம்பி ஏறுவதற்கு எனக்குத் தைரியமில்லை. மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவன் கசிப்பை, அதுதான் கள்ளச்சாராயத்தை, பற்றி இழுத்தான். அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேச வேண்டியிருந்தது.

கிரவுண்டுக்குத் தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். நாங்கள் வாய்ச்சொல்லை நம்பிப் போனோம், போனால் கோல் கம்பத்தில் ஒரு கரப்பந்துக் குழு கயிறு கட்டிக்கொண்டிருந்தது. பேசிச் சமாளித்து, பத்து மணிக்கு முடிக்கிறோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் தொடங்கினோம்.

அன்றும் மழை விடவில்லை. ஏழாவது ஓவரில் தூறல், ஒன்பதாவதில் கொட்டல். பிறகும் யாரும் ஓடவில்லை. மாப்பிள்ளை விக்கெட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, தலையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, அடிக்க வந்த பையனிடம் "தம்பி, உன் அப்பா இதைவிட நல்லா அடிப்பாரு, அவரைக் கூட்டிட்டு வா" என்று கத்திக்கொண்டிருந்தான். புறக்கோட்டையில் நான் பார்க்கிற ஆள் இல்லை அது. பந்து நனைந்து கல் மாதிரி ஆனபிறகுதான் நிறுத்தினோம். நிஜ மச்சானின் நாற்பது ஓட்டத்தால் பையன்களை ஆறு ஓட்டத்தில் வென்றோம் என்று நாங்கள் சொல்கிறோம். ஒன்பது ஓவர் கணக்கில் சேராது என்று அவர்கள் சொல்கிறார்கள்.

பீலியில் தண்ணீர் பனிக்கட்டி. நான் இரண்டு நிமிஷத்தில் வெளியே ஓடிவந்தேன். அவன் நின்றான். தோளில் விழுகிற தண்ணீரை அசையாமல் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பத்து நிமிஷமாவது இருக்கும். கொழும்பில் அவன் தங்குகிற இடத்தில் பதினோரு பேருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, காலையில் ஆளுக்கு நான்கு வாளி. அது எனக்கு முன்பே தெரியும். ஆனால் பீலிக்கு அடியில் அவனைப் பார்க்கும்வரை அதைப் பற்றி நான் யோசித்ததில்லை.

சாப்பாடு ஊர்க்கோழிக் குழம்பு, கோதுமை மா ரொட்டி, கட்டச்சம்பல். அரைப்பேர் முடித்துவிட்டு வந்த நண்பன் கையோடு கறிவேப்பிலையும் கொச்சிக்காயும் கொண்டுவந்தான். விறகு நனைந்து புகைந்ததால் கோழி வேக மூன்று மணி ஆயிற்று. பசியில் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்தோம். நீங்களும் இப்படிச் செய்ய நினைத்தால் ஏற்பாட்டில் இதை மட்டும் மாற்றுங்கள்: காஸ் அடுப்பு ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

விடுதியில் மாப்பிள்ளை எட்டரைக்குத் தூங்கினான். இந்தத் தடவை யாரும் தலைமாட்டில் ஸ்பீக்கர் வைக்கவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினோம், குடிக்கிறவர்கள் குடித்தார்கள். எதிரே காசல்ரீ இருட்டில் கிடந்தது. அடுத்த நாள் பதினொரு மணிக்கு எழும்பி வந்தவன், மிச்சமிருந்த குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டு, "எவ்வளவுடா ஆச்சு?" என்று கேட்டான். சொல்லவில்லை. கணக்கில் மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருந்தது. மேட்ச் ஆடின பையன்களுக்கு இரண்டு புதுப் பந்தும் ஒரு டேப் சுருளும் வாங்கிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்தது தை மாதம். ஜிம் நண்பனுக்குத்தான் பெண் பார்த்து நிச்சயமாகியிருக்கிறது. தையில் கித்துல்கலப் பக்கம் மழை குறைந்து ஆறு அடங்கியிருக்கும். அவனுக்கு நீச்சல் தெரியும், கரையில் நின்று யாரும் உசுப்பேற்ற வேண்டியதில்லை. அன்று அவன் போட்ட வீடியோவைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். நேற்று இரவு புதுக்குழு தொடங்கியாயிற்று. அவனை மட்டும் சேர்க்கவில்லை.